மூன்றாம் மாடிக்கு ஒரு சிகரெட்

எனக்குப் பொறுமை கிடையாது. இந்த வேலைக்கு அதுதான் முதல் தகுதி என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். நிறைய இருக்கிறது என்று வாய் கூசாமல் சொல்லித்தான் சேர்ந்தேன். அதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில், நெஞ்சு நோய் வார்டில் நர்ஸாக இருந்தேன். நின்று நின்று முழங்கால் தேய்ந்துபோனது. இனிமேல் உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது நாள் முழுக்க உட்கார்ந்துகொண்டு, நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறவர்களிடம் எழுந்து நடங்கள் என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கும் வந்தது.

மனச்சோர்வில் விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடந்து, கிடந்தபடியே சிகரெட் பிடிக்கிற ஆட்களை டாக்டர்கள் எங்களுக்கு எழுதி அனுப்புவார்கள். அவர்களுக்கு வாரம் ஒருமுறை போன் செய்து பேச வேண்டும். மருந்து, மாத்திரை எங்கள் பொறுப்பில்லை. தூக்கம் எப்படி, சாப்பாடு இறங்குகிறதா, வெளியே காலை வைத்தீர்களா, சிகரெட் குறைந்ததா என்று கேட்டு, அடுத்த வாரத்துக்கு ஒரு சின்ன வேலை கொடுக்க வேண்டும். கடைசியில் ஒரு கேள்வி கட்டாயம். "உயிரோட இருந்து என்ன ஆகப்போகுதுன்னு இந்த வாரம் எப்பவாவது தோணிச்சா?" இதைக் கேட்காமல் போனை வைக்கக் கூடாது. முதல் மாதம் இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பிறகு, குடை எடுத்தீர்களா என்று கேட்கிற மாதிரி கேட்கப் பழகிவிட்டேன்.

எங்கள் அறையில் ஜன்னல் இல்லை. தடுப்புப் பலகைகளுக்கு நடுவே ஆளுக்கொரு மேஜை. ஏசி சரியாக என் பிடரியில் ஊதும். சுவரில் ஒரு பெண் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு ஓடுகிற படம். அவளைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு வாரம் எங்கள் ஆட்களோடு பேசவிட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றும். எங்கள் மேற்பார்வை அம்மாளுக்கு நான் வைத்த பெயர் ஸ்கோர் அக்கா. காலையில் வணக்கம் சொல்வதற்கு முன்னால், "உங்க ஆளுங்க ஸ்கோர் எப்படி?" என்றுதான் கேட்பார். ஆட்களின் பதில்களைக் கூட்டினால் ஓர் எண் வரும். அது இறங்கினால் ஆள் தேறுகிறார் என்று அர்த்தம்.

என்னிடம் வந்தவர்களை நான் தொழிலை வைத்துத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரெல்லாம் லிஃப்ட்டை ஏற்றி இறக்கிய மனிதர், குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில். பெரிய அதிர்ச்சி எதுவும் இல்லை. ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பிச் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தவர், பாதியிலேயே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். மீதிப் பட்டனைப் போடவே இல்லை. கம்பெனி டாக்டர் லீவு எழுதிக் கொடுத்து எங்களிடம் தள்ளிவிட்டார். எங்கள் போனை ஒழுங்காக எடுத்துப் பேசினால் வேலை காத்திருக்கும், எடுக்காவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று ஏற்பாடு.

முதல் நாள் போனில் அவர், "சொல்லும்மா" என்றார். அப்புறம் நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுநடுவே இருமினார். முதலில் வறட்டுத்தனமாகச் சின்னச் சின்னதாக மூன்று, பிறகு அடிவயிற்றிலிருந்து இழுத்துக்கொண்டு வருகிற நீளமான ஒன்று, முடிவில் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு சின்ன "ம்". மனைவி எங்கே என்று கேட்டேன். மகளின் பிரசவத்துக்கு வெளியூர் போயிருக்கிறாளாம். கூட யார் என்று கேட்டேன். தம்பி என்றார். கட்டாயக் கேள்வியைக் கேட்டதும் நீளமாக ஒரு மூச்சை இழுத்தார். விடுகிறாரா என்று காத்திருந்தேன்.

"அதெல்லாம் எதுக்கும்மா கேக்கறீங்க" என்றார்.

பதில் சொல்ல மறுத்தார் என்று டாக்டருக்கு எழுதினேன். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அடுத்த இரண்டு வாரமும் போன் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. இன்னொரு தடவை எடுக்காவிட்டால் பட்டியலிலிருந்து நீக்கப்படுவீர்கள், கம்பெனிக்கும் தெரிவிக்கப்படும் என்று ஆபீசிலிருந்து ஒரு தகவல் போனது. நோயாளியை மிரட்டி நோயைக் குணப்படுத்துகிற வழி அது, எங்கள் ஆபீசில் அதற்கு நினைவூட்டல் என்று பெயர்.

அதற்கடுத்த வாரம் முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க மேடம்."

அதே குரல். அதே கட்டைத்தனம், அதே மூக்கடைப்பு. ஆனால் அடியில் கொஞ்சம் உயிர் இருந்தது. அம்மா எப்படி மேடமானாள் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். ஆள் தெளிகிறபோது மரியாதையும் தெளியும் என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். புது மாத்திரை பிடித்துக்கொண்டது என்றும் நினைத்தேன்.

அன்றைக்குத்தான் அந்த யோசனையைச் சொன்னேன். என் சொந்தச் சரக்கு, எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தந்ததில்லை. "சார், பாக்கெட்டா வாங்காதீங்க. வீட்டுல ஒண்ணுகூட இருக்கக் கூடாது. வேணும்ங்கறப்ப கீழ இறங்கிப் போயி, தெருமுனைக் கடையில ஒண்ணே ஒண்ணு வாங்கி, மேல ஏறி வந்து புடிங்க. அடுத்தது வேணும்னா மறுபடி இறங்குங்க. நான் சிகரெட்டை விடச் சொல்லவே இல்ல."

"மூணு மாடி மேடம்."

"தெரியும் சார். அதுக்குத்தான் சொல்றேன்."

சிரித்தார். மனச்சோர்வுக்காரர் ஒருவரைச் சிரிக்க வைத்தேன் என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

அதிலிருந்து வாரா வாரம் ஏறுமுகம்தான். கடைக்காரர் பார்த்தாலே ஒன்றை எடுத்து நீட்டுகிறார் என்றார். படியேறினால் மூச்சு வாங்கியது, இப்போது வாங்குவதில்லை என்றார். பேன்ட் தொளதொளக்கிறது, பெல்ட்டில் புதுசாக ஓட்டை போட்டிருக்கிறேன் என்றார். இப்போதெல்லாம் வாங்கி வருகிற சிகரெட்டை அவருக்கே பிடிக்கத் தோன்றுவதில்லையாம். கட்டாயக் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள், "சேச்சே, அதெல்லாம் இல்ல மேடம்" என்று விழுந்தடித்துச் சொல்வார். எண் மளமளவென்று இறங்கியது. ஸ்கோர் அக்கா என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். எங்கள் உரையாடல் ஒன்றின் பதிவைப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டி, ஆளை எப்படிப் பேச வைக்கிறார் பாருங்கள் என்றார். நான் தலையைக் குனிந்து அடக்கமாக உட்கார்ந்திருந்தேன். அந்த அடக்கம் அத்தனையும் நடிப்பு.

அவர் எப்போதும் வீட்டுக்கு வெளியே, மாடிப்படியில் நின்றுதான் பேசுவார். பின்னால் கதவு சாத்துகிற சத்தம், யாரோ பக்கெட்டோடு ஏறுகிற சத்தம் எல்லாம் கேட்கும். ஒரு நாள் நல்ல மழை.

"படியெல்லாம் சாரல் மேடம். இன்னிக்கு உள்ளேயிருந்தே பேசறேன்" என்றார், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

தூக்கம் பற்றிக் கேட்டேன். நன்றாக இருக்கிறதாம். சாப்பாடு பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தபோது அவருக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். சின்னதாக மூன்று. நீளமாக ஒன்று. கடைசியில் ஒரு "ம்".

எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தேன். வார்டில் நான் முதுகைத் திருப்பிக்கொண்டு மருந்து எடுத்துக்கொண்டிருந்தாலும் இருமுவது எந்தக் கட்டில் என்று சொல்லிவிடுவேன். ஒரே வீட்டு ஆட்களுக்குக் குரல் ஒன்றாக இருக்கும். அப்பனும் மகனும் ஒரே குரலில் என்னை ஏமாற்றியதுண்டு. இருமல் அப்படி இல்லை, அது அவரவர் நெஞ்சில் அவரவர் சேர்த்துவைத்தது.

"வீட்டுல வேற யாரு சார்?"

"யாருமில்ல மேடம். நான் மட்டும்தான். தம்பி வெளிய போயிருக்கான்."

மறுபடியும் இருமல்.

"அது யாரு?"

"பக்கத்து வீடு மேடம். செவுரு மெல்லிசு."

"சார், நீங்க ஒரு தடவை இருமுங்க."

"என்ன மேடம்?"

"சும்மா. இருமிக் காட்டுங்க."

இருமினார். மேடையில் பேச எழுந்தவர் தொண்டையைச் சரிசெய்துகொள்வது போல, சுத்தமான, ஆரோக்கியமான இருமல். எனக்குக் கோபம் மூக்குக்கு ஏறியது.

"நீங்க யாரு?"

"தம்பி" என்றான்.

அவனை வெளுத்து வாங்கினேன். பக்கத்து மேஜைக்காரி எட்டிப் பார்க்கிற அளவுக்கு வாங்கினேன். யாரைக் கேட்டு இப்படிச் செய்தாய், இது விளையாட்டா, டாக்டர் இந்த எண்ணைப் பார்த்து மாத்திரையைக் குறைத்திருப்பாரே என்றெல்லாம் கேட்டேன். அவன் ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. கடைசியில், "இத்தனை வாரமா நான் யாருக்குய்யா வைத்தியம் பாத்தேன்?" என்றேன்.

"எனக்குத்தான் மேடம்."

பிறகு அவனே சொன்னான். பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை அவனுக்கு. நாளெல்லாம் பைக்கிலேயே உட்கார்ந்திருப்பான், நிற்கிற இடத்திலெல்லாம் ஒரு சிகரெட். அண்ணன் போனை எடுக்காததால் வேலை போய்விடும் என்று தகவல் வந்ததும் பயந்து, ஒரே ஒரு தடவை அண்ணனாகப் பேசிச் சமாளித்துவிடலாம் என்று எடுத்திருக்கிறான். "நீங்க சொன்னதை அவர்கிட்ட சொல்லிப் பாத்தேன் மேடம். எழுந்திருக்கவே இல்ல. பாக்கெட் வாங்கி வெக்கறதை மட்டும் நிறுத்தினேன். வேணும்னு கண்ணால கேப்பாரு. நான் இறங்கிப் போயி ஒண்ணு வாங்கிட்டு வருவேன். மறுபடி கேப்பாரு. மறுபடி இறங்குவேன். நடக்கறது நான், புடிக்கறது அவரு. எனக்கு உடம்பு எறங்கிச்சு, மனசு லேசாச்சு. உங்ககிட்ட பேசறதுக்குன்னே அந்த நாளுக்குக் காத்துக்கிட்டிருப்பேன். என்கிட்ட தூங்கினியான்னு யாரும் கேட்டதில்ல மேடம்."

"அவரு இப்ப எப்படி இருக்காரு?" என்றேன்.

"அப்படியேதான். ஆனா இந்த ரெண்டு மூணு நாளா பரவால்ல மேடம். அதைச் சொல்லத்தான் இருந்தேன். நேத்து அவரே ஷேவ் பண்ணிக்கிட்டாரு. நல்லாத் தூங்கினாரு. டூல்ஸ் பொட்டியைத் தொடச்சு, கூட வேலை பாத்தவரை வரச் சொல்லிக் குடுத்துட்டாரு. எதுக்குண்ணேன்னு கேட்டேன், அவனுக்கு உபயோகப்படட்டும்னாரு. அண்ணிகிட்டயும் போன்ல நல்லாப் பேசினாரு. முகமே தெளிவா இருக்கு."

இருபத்தைந்து வருஷம் கையில் பிடித்த கருவிகளை ஒரு மெக்கானிக் தானமாகக் கொடுப்பது தேறி வருவதற்கான அடையாளம் இல்லை. இத்தனை நாள் புரண்டுகொண்டிருந்தவர் திடீரென்று நிம்மதியாகத் தூங்குகிறார் என்றால் எதையோ முடிவு செய்துவிட்டார். இத்தனை வாரமும் அந்தக் கேள்வியை நான் ஆள் மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்கவேண்டியவரை யாருமே கேட்கவில்லை.

"போனை ஸ்பீக்கர்ல போட்டு அவர் பக்கத்துல வைங்க. நீங்க எங்கயும் போகக் கூடாது. அங்கயே உக்காருங்க."

செருப்பில்லாத காலடிகள். போனை எதன்மேலோ வைக்கிற சத்தம்.

"சொல்லும்மா" என்றார்.

முதல் நாள் கேட்ட அதே சொல். நான் தூக்கம் கேட்கவில்லை, சாப்பாடு கேட்கவில்லை.

"சார், செத்துப் போயிடலாம்னு தோணுதா?"

மூச்சை இழுத்தார். அதே நீளம். இந்தத் தடவை விட்டார்.

"முடிவே பண்ணிட்டேம்மா."

தம்பி "அண்ணே" என்றான். அவர் அவனைக் கண்டுகொள்ளாமல், ஏதோ மெஷின் ரிப்பேர் பற்றிச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். "எங்க அப்பா அம்மா போனப்ப இவன் அரை டிராயர் போட்டுக்கிட்டிருந்தான். வளத்தது நான்தான். பொண்ணுக்கு அவ அம்மா இருக்கா, புருஷன் இருக்கான். இவனுக்குத்தான் யாருமில்ல. இவனை விட்டுட்டு எப்படிப் போறதுன்னுதான் இத்தனை நாளும் இழுத்துக்கிட்டுக் கெடந்தேன். நீங்க போன் பண்ண ஆரம்பிச்சீங்க. வெளிய படியில நின்னுக்கிட்டு உங்ககிட்ட பேசிச் சிரிக்கறான். கதவு வழியாக் கேக்கும். நடக்கறான். சிகரெட்டை விட்டுட்டான். நல்லாச் சாப்பிடறான். பரவால்ல, இனிமே இவன் பொழச்சுக்குவான்னு ஆயிடுச்சு. அதுக்கு உங்களுக்குத்தாம்மா நன்றி சொல்லணும்."

இத்தனை வருஷ வேலையில் எனக்கு யாரும் இப்படி நன்றி சொன்னதில்லை. இனியும் யாரும் சொல்ல வேண்டாம்.

எங்கள் மேஜையில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அழுத்தினால் ஸ்கோர் அக்கா அந்த இணைப்பில் வந்து சேர்வார். ஆளின் முகவரிக்கு ஆம்புலன்ஸ் கிளம்பும். கூடவே எல்லாமும் அவிழும். ஆள் மாறாட்டம் தெரியவரும், கம்பெனிக்குப் போகும், அவர் வேலை போகும். புதுப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டிய என் பதிவும் சந்தி சிரிக்கும். யோசிக்காமல் அழுத்தினேன் என்று சொன்னால் அது பொய். ஒரு மூச்சு நேரம் யோசித்தேன். அதற்காக என்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

அழுத்தினேன். ஸ்கோர் அக்கா தன் மேஜையிலிருந்து என்னைப் பார்த்தார். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, சத்தம் போடாமல் முகவரியைச் சொல்ல ஆரம்பித்தார். வண்டி வருகிற வரை நான் பேச்சை அறுந்துபோகாமல் வைத்திருக்க வேண்டும்.

"சார், ஆஸ்பத்திரியிலேர்ந்து வராங்க. நான் லைன்லயே இருக்கேன்" என்றேன். மறைக்க எனக்குப் பிடிக்கவில்லை.

"எதுக்கும்மா சிரமம்."

அப்போது லைட்டர் உரசுகிற சத்தம் கேட்டது. ஒரு தடவை, பிடிக்கவில்லை. இரண்டாவது தடவை பிடித்தது.

"டேய்" என்றார் அவர். "என்ன பண்றே?"

"உனக்கு வாங்கினதுதான். ஜன்னல்ல இருந்துச்சு."

"விட்டுட்டேன்னு சொன்னே."

"சொன்னேன்."

"அணை."

"நீ யாரு அதைச் சொல்ல?" தம்பியின் குரல் உடைந்திருந்தது. "நீ போறவன்தானே. போறவனுக்கு என்ன? நான் புடிக்கறேன், இல்ல நெஞ்சு வெந்து சாகறேன். உனக்கு அப்ப எப்படித் தெரியும்?"

இழுக்கிற சத்தம். உடனே இருமினான். பழக்கம் விட்டுப்போன நெஞ்சு, புகையை ஏற்கவில்லை. இருமிக்கொண்டே மறுபடி இழுத்தான். சிகரெட்டை அணைக்கச் சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவள், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏதாவது சொல்லுங்கள் என்று ஸ்கோர் அக்கா கையால் ஜாடை காட்டினார். வேண்டாம் என்று தலையாட்டினேன். சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது.

"டேய், கீழ போடு."

"மாட்டேன்."

"சொன்னாக் கேளு."

"எழுந்து வந்து வாங்கிக்கோ."

மழை கேட்டது. தம்பி இருமுவது கேட்டது. அப்புறம் கட்டில் கிறீச்சிட்டது. ஒரு கால் தரையில் ஊன்றுவது கேட்டது, கொஞ்சம் கழித்து இன்னொரு கால். நாற்காலியோ எதுவோ தட்டிக்கொண்டு விழுந்தது. ஓர் அறை விழுந்தது. கன்னத்திலா கையிலா தெரியவில்லை, பளாரென்று கேட்டது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். அழும்போதும் அவர்கள் குரல் ஒன்றாகத்தான் இருந்தது. எது யாருடையது என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

ஆம்புலன்ஸ்காரர்கள் கதவைத் தட்டுகிற வரை கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அவரை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். கைக்குழந்தையோடு இருந்த மகளை விட்டுவிட்டு அவர் மனைவி ஓடி வந்தார். எங்கள் ஆபீசில் விசாரணை நடந்தது. குரல் மாறியது கூடவா தெரியவில்லை என்று கேட்டார்கள். குரல் மாறவில்லை என்றேன். எழுதிக்கொண்டார்கள். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இப்போது வேறு ஒருத்தியின் பதிவைப் போட்டுக் காட்டுகிறார்கள். கம்பெனி அவர் வேலையைப் பற்றி ஒரு முடிவும் சொல்லவில்லை. அவர் இடத்தில் ஏற்கனவே ஆள் போட்டுவிட்டார்கள் என்று தம்பி கேள்விப்பட்டிருக்கிறான். அவன் மறுபடியும் பிடிக்க ஆரம்பித்துவிட்டான். எப்போதாவதுதான் என்கிறான். அப்படித்தான் எல்லாரும் சொல்வார்கள்.

அவர் வீடு திரும்பியதும் டாக்டர் அவரைப் புதிய ஆளாக மறுபடி எங்களுக்கு எழுதி அனுப்பினார். யார் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று ஸ்கோர் அக்கா பொதுவாகக் கேட்டார், என் பக்கம் பார்க்காமல். நான் கையைத் தூக்கினேன். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு எழுதிக்கொண்டார். அன்றைக்கு அவர் எண் எதையும் கேட்கவில்லை.

மணி நெடுநேரம் அடித்தது.

"சொல்லும்மா."

"இருமுங்க சார்."

"எதுக்கு?"

"இருமுங்க."

சின்னதாக மூன்று. நீளமாக ஒன்று. ஒரு "ம்". எனக்கு நிம்மதியாயிற்று.

"நான்தாம்மா" என்றார். சிரித்தாரா என்று சொல்ல முடியாது, மூச்சு கொஞ்சம் அசைந்தது.

தூக்கம் கேட்டேன். விட்டுவிட்டு வருகிறதாம். சாப்பாடு கேட்டேன். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டாத குறையாக வைக்கிறாராம். வெளியே போனீர்களா என்று கேட்டேன்.

"பாதிப் படி இறங்கினேன். அங்கயே உக்காந்துட்டேன். தம்பி வந்து கூட்டிட்டுப் போனான்."

"சிகரெட்?"

"அவன் இப்ப வாங்கித் தரமாட்டேங்கறான். புடிக்கணும்னா நீயே இறங்குங்கறான். நானும் அவனைச் சட்டைப் பாக்கெட்டைக் காட்டுன்னு கேக்கறேன். காட்டமாட்டேங்கறான். தெனம் சண்டைதான்."

"நல்லாச் சண்டை போடுங்க" என்றேன்.

பிறகு அந்தக் கேள்வி. குடை எடுத்தீர்களா என்று கேட்கிற மாதிரி இப்போது என்னால் கேட்க முடிவதில்லை. கேட்டேன். அவர் மூச்சை இழுத்தார். ஏசி என் பிடரியில் ஊதிக்கொண்டிருந்தது. பக்கத்து மேஜைக்காரி யாருக்கோ வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் காத்திருந்தேன்.

"தோணிச்சும்மா" என்றார்.

"இன்னிக்கா?"

மறுபடியும் காத்திருந்தேன்.

"இன்னிக்கு இன்னும் இல்ல."

அவர் சொன்னதை அப்படியே எழுதி, டாக்டர் பார்ப்பதற்காகச் சிவப்பில் குறித்தேன். எண் மோசமாகத்தான் வந்தது. இந்த வேலைக்கு வந்தபிறகு நான் நம்பி எழுதிய முதல் எண் அது. தம்பியைக் கூப்பிட்டு, இன்றைக்கு இரவு அண்ணனுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள் என்று சொன்னேன். தினமும் அங்கேதான் படுக்கிறேன் மேடம் என்றான். போனைத் திரும்ப அவரிடம் கொடுக்கச் சொன்னேன்.

வாரம் ஒருமுறைதான் பேச வேண்டும் என்பது எங்கள் விதி. "நாளைக்கும் கூப்பிடறேன் சார்" என்றேன். "நீங்களே எடுக்கணும்."